சாவோ டோமேயின் ஐஸ்காரர்

பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து ஆப்பிரிக்க ஆய்வுத் துறை எங்கே என்று கேட்டால், அங்கே காலம் காலமாக வேலை பார்க்கிறவர்களே முழிப்பார்கள். நூலகத்துக்குப் பின்னால் மூன்றாவது மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற இரும்புப் படிக்குப் பக்கத்தில் இருக்கிறது அது. ஒரு வகுப்பறை, ஓர் ஆசிரியர் அறை, நடுவே புத்தக அலமாரிகள் பாதி வழியை அடைத்துக்கொண்ட ஒரு நடை. ஐம்பத்து நான்கு நாடுகள் உள்ள ஒரு கண்டத்துக்கு இந்த இடம் தாராளம் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தாரோ, அவரை ஒரு நாள் அந்த நடையில் கைநிறையப் புத்தகத்தோடு நடக்கவிட வேண்டும்.

அங்கே மாலை நேர முதுகலை வகுப்பை நடத்துகிறவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'வேண்டாம் சார்'. காரணம் இல்லாமல் இல்லை. முதல் நாள் வருகைப் பதிவு எடுப்பதற்கு முன்பே கரும்பலகையில் மூன்று வேண்டாம்களை எழுதிவிடுவார்: போர் வேண்டாம், பஞ்சம் வேண்டாம், சிங்கம் வேண்டாம்.

"ஆப்பிரிக்கான்னா நம்ம பேப்பர்ல இந்த மூணுதான் வருது," என்பார். "இந்த மூணும் இல்லாத நாள்ல அங்க ஜனங்க என்ன பண்றாங்க? பல்லு வலிச்சா எங்க போறாங்க, பக்கத்து வீட்டோட எதுக்குச் சண்டை போடறாங்க? வரலாறு, பண்பாடு, இன்னைக்கு இருக்கிற பிரச்சனை எல்லாம் நான் சொல்லித் தரேன். இதை நீங்க எனக்குச் சொல்லணும்."

பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பா வெளியே வரும். உள்ளே நாடுகளின் பெயர் எழுதிய சீட்டுகள். கை விட்டு எடுத்த நாடு படிப்பு முடிகிற வரைக்கும் எடுத்தவருக்குச் சொந்தம். அன்று முதல் வகுப்பில் அவருக்குப் பெயரும் அதுதான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எழுந்து நின்று, தன் நாட்டில் ஒரு சாதாரண மனிதருக்கு அந்த வாரம் நடந்த ஒரு சாதாரண விஷயத்தைச் சொல்ல வேண்டும். திங்கள் செய்தி என்று இதற்குப் பெயர்; மதிப்பெண்ணும் உண்டு.

விளையாட்டாக ஆரம்பிப்பதுதான், கொஞ்ச நாளில் தலைக்கு ஏறிவிடும். பகலில் வங்கியில் உட்காரும் ஓர் இளைஞனுக்கு நைஜீரியா வந்திருந்தது. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்திக்குக் கானா. இரண்டு நாடும் மோதிய ஒரு கால்பந்துப் போட்டியில் கானா ஜெயித்த மறுநாள் நைஜீரியா அந்த டீச்சர் பக்கமே திரும்பவில்லை. அவள் நீட்டிய மிட்டாயையும் வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் அந்த நாடுகளை வரைபடத்தில் பார்த்ததோடு சரி.

நம் கதைக்கு உரியவள் எடுத்த சீட்டில் 'சாவோ டோமே பிரின்சிப்பி' என்று இருந்தது.

"இது நாடா சார், இல்ல யாராவது ஆளோட பேரா?" என்று அவள் கேட்க, வகுப்பே சிரித்தது.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், பூமத்திய ரேகையை ஒட்டி, கடலுக்குள் இரண்டு தீவுகள். சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் ஒரு ஈ உட்கார்ந்தால் நாடு காணாமல் போய்விடும். அன்றிலிருந்து அவள் டோமே ஆனாள்.

டோமே இந்தப் படிப்பில் ஆசைப்பட்டுச் சேர்ந்தாள் என்று சொன்னால் அது புளுகு. பட்டப் படிப்பு முடிந்த கையோடு கல்யாணம். அதற்குப் பிறகு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்கள் மூக்குக்கும் காதுக்கும் தோதாக ஃபிரேமை வளைத்துக் கொடுத்துக்கொண்டே வருடங்கள் ஓடிவிட்டன. நாற்பதை நெருங்கும்போது, மேலே படித்தால் என்ன என்று ஒரு நமைச்சல். கடை மூடிவிட்டு ஓடினால் பிடிக்கக்கூடிய நேரத்தில் இருந்த ஒரே வகுப்பு இது. நேரம் பார்த்துச் சேர்ந்தவள் வந்த இடத்தில் மாட்டிக்கொண்டாள். சாவோ டோமேயின் கோகோத் தோட்டங்களில் ஒப்பந்தம் என்ற பெயரில் ஆட்களைக் கொண்டுவந்து கட்டிப்போட்டு வேலை வாங்கிய வரலாற்றைப் படித்துவிட்டு, கொஞ்ச நாள் சாக்லேட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வரலாற்றுத் தாளில் வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிக மதிப்பெண்.

அவளை அழ வைத்தது திங்கள் செய்திதான். நைஜீரியாவுக்குப் பத்திரிகைகள் கொட்டிக் கிடந்தன. டோமேயின் நாட்டைப் பற்றி வந்த கொஞ்சநஞ்சமும் போர்த்துகீசிய மொழியில் இருந்தது. கணினியில் மொழிபெயர்ப்புப் போட்டுப் பார்த்தால் அமைச்சர் வந்தார், அமைச்சர் போனார், கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

"அமைச்சர் சாதாரண ஆளாம்மா?" என்று வேண்டாம் சார் கேட்டார். "பஸ்ல சில்லறைக்குச் சண்டை போட்டாரா? அப்படின்னா சொல்லுங்க, எடுத்துக்கறேன்."

அடுத்த இரண்டு திங்கட்கிழமையும் அவள் எழுந்து நின்று, இந்த வாரம் ஒன்றும் இல்லை என்றாள். இரண்டாவது தடவை சார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"ஒரு நாட்டுல ஒரு வாரம் முழுக்க ஒண்ணுமே நடக்காம இருக்காதும்மா. நமக்குத் தெரியலன்னு வேணா சொல்லுங்க."

"தெரியல சார்."

பக்கத்து இருக்கையிலிருந்து நைஜீரியா குனிந்து, "எங்கிட்ட மூணு இருக்குக்கா. ஒண்ணு வேணா தரட்டுமா?" என்றான். பாவம், நல்ல மனதோடுதான் கேட்டான். அவளுக்கு மானம் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஃப்ரிட்ஜ் மக்கர் செய்தது. டோமேயின் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஊர் ஃப்ரிட்ஜையெல்லாம் ஓட வைப்பவர், சொந்த ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் வர மாதக்கணக்கு ஆகும். சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு கழற்றி மாட்டினார். கடைசித் திருகாணி கை நழுவி உள்ளே விழுந்தது. அவர் அதனோடு பேச ஆரம்பித்தார். உதிரி பாகங்களோடு பேசுவது அவருக்குப் பழக்கம்.

"வாடா ராசா, வெளிய வா. நல்லவிதமாக் கூப்பிட்டா வர மாட்டே, திட்டினாத்தான் வருவியா? உன்னை நம்பித்தானே இத்தனை பேரு இங்க நிக்கறாங்க."

டோமே அடுப்படியில் நின்று சத்தம் வராமல் சிரித்தாள். மறுநாள் வகுப்பில் அவள் முறை வந்தது. இல்லை என்று சொல்லத்தான் எழுந்தாள். வாய் வேறு எதையோ சொன்னது.

"சாவோ டோமேல மீன் மார்க்கெட்ல ஐஸ் மெஷின் ரிப்பேரு. அதைச் சரி பண்ண ஒரு மெக்கானிக் வந்தாராம். எல்லாம் முடிஞ்சு கடைசித் திருகாணி மெஷினுக்குள்ள விழுந்திடுச்சு. அவர் அதைக் குழந்தையைக் கூப்பிடற மாதிரி கூப்பிட்டுக் கொஞ்சறாரு, திட்டறாரு. சுத்தி மீன்காரம்மாங்க கூடையோட நின்னு, 'இன்னும் கொஞ்சம் அன்பாக் கூப்பிடு, வரும்'னு சொல்றாங்களாம்."

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. வேண்டாம் சார் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக் கேட்பவரைப் போலத் தலையை ஆட்டினார்.

"பாருங்க. போர் இல்ல, பஞ்சம் இல்ல, சிங்கம் இல்ல. ஒரு திருகாணி. ஒரு நாடே கண்ணு முன்னாடி வந்து நிக்குது. எங்கம்மா படிச்சீங்க?"

"அங்க ஒருத்தர் எழுதறார் சார். போர்த்துகீசியத்துல. மொழிபெயர்ப்புப் போட்டுப் பார்த்தேன்."

முதல் பொய் தானாக வந்தது. இரண்டாவது பொய்யை அவள் தெரிந்தே சொன்னாள். அதற்குப் பிறகு வந்தவற்றைக் கணக்கில் வைக்க யாராலும் முடியாது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வகுப்பு, "ஐஸ்காரர் என்ன பண்ணினார்?" என்று காத்திருக்க ஆரம்பித்தது. ஐஸ்காரர் ஸ்பானரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மார்க்கெட் முழுக்கத் தேடினார். கம்ப்ரசர் ஓடும் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன நோவு என்று சொன்னார். கஷ்டப்படுகிற ஒரு மீன்காரம்மாவிடம் காசு வேண்டாம் என்றார். கடன் ஒப்பந்தம் பற்றிய பாடம் நடந்த வாரத்தில், வெளியிலிருந்து உதவியாக வந்த புது மெஷினுக்கு உள்ளூரில் உதிரி பாகம் கிடைக்காமல் அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். தான் படித்ததையெல்லாம் டோமே கெட்டிக்காரத்தனமாக உள்ளே சேர்த்துவிடுவாள். கானா டீச்சர் ஒரு நாள் ஐஸ்காரருக்காக அழுதேவிட்டாள்.

சரி, வகுப்பில் சொன்னாள். வீட்டிலும் ஏன் சொன்னாள்? அதற்கும் காரணம் இருக்கிறது. அவள் படிப்பைப் பற்றி வீட்டுக்காரர் அதுவரை கேட்டதெல்லாம், எத்தனை மணிக்கு முடியும் என்பது ஒன்றுதான். கெட்டவர் இல்லை, அதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தவர், அவ்வளவே. அந்தத் திங்கட்கிழமை ராத்திரி சாப்பாட்டில் பேச்சுவாக்கில் அவள் ஐஸ்காரரைப் பற்றிச் சொன்னாள். அவர் பிசைந்த கை அப்படியே நின்றது.

"எந்த மாடல் கம்ப்ரசர்?"

"அது போடலைங்க."

"போட மாட்டானுங்க. முக்கியமானதை எவனும் எழுத மாட்டான். அப்புறம் என்ன ஆச்சு?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் படித்த ஒன்றைப் பற்றி அவர் அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு கேள்வி அவளை அப்படியே சாய்த்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை அவரே வாசலில் நின்று கேட்டார். அதற்கடுத்த வாரம் வேலைக்குப் போகிற வீடுகளிலெல்லாம், "ஆப்பிரிக்காவுல நம்ம ஆளு ஒருத்தர் இருக்கார், தங்கமான மெக்கானிக்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவளை வீட்டில் டோமே என்று கூப்பிடவும் ஆரம்பித்தார். திருகாணியைக் கொஞ்சுகிற அந்தத் தங்கமான மெக்கானிக் யார் என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. தினமும் கண்ணாடியில் முகம் பார்க்கிற மனிதர்தான். பேச்சைப் பார்க்கிற கண்ணாடி டோமே வேலை செய்யும் கடையில்கூடக் கிடையாது.

இப்படியே ஓடியிருக்கும். வேண்டாம் சார் ஒரு நாள் வகுப்புக்குள் நுழையும்போதே முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"டோமே, உங்க நாட்டுலேர்ந்து ஒருத்தங்க வராங்க. மீன்வள அதிகாரி. இங்க ஏதோ மீன் மாநாட்டுக்கு வந்திருக்காங்க. கையைக் காலைப் பிடிச்சு ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை."

மீன்வள அதிகாரி. ஆசிரியரோ கவிஞரோ வந்தால்கூடச் சமாளிக்கலாம். மீன் மார்க்கெட்டின் ஐஸ் மெஷினை ஒருத்தருக்குத் தெரியும் என்றால் அது மீன்வள அதிகாரிக்குத்தான் தெரியும்.

துறையில் பல தவறுகளுக்கு மன்னிப்பு உண்டு. ஒன்றுக்கு மட்டும் கிடையாது. இல்லாத ஆதாரத்தைக் காட்டியவர் அதற்குப் பிறகு அந்த மூன்றாவது மாடிக்கு ஏற முடியாது. முன் வருடம் ஒருவர் அப்படித்தான் போனார். அவர் நாட்டுச் சீட்டை டப்பாவில் திரும்பப் போட்ட அன்று சாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்வார்கள். டோமே இரண்டு நாள் யோசித்தாள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் தானே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

ஆசிரியர் அறையில் சார் தடிமனான தாள்களை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"சார், அந்த ஐஸ்காரர் விஷயம்..."

"வாங்க வாங்க, அதேதான். இதைப் பாருங்க முதல்ல."

அச்சுக்குப் போகவிருந்த அவருடைய கட்டுரை. சாதாரண வாழ்க்கையிலிருந்து ஒரு கண்டத்தைப் படிப்பது எப்படி என்பது பற்றி. அதில் அரைப் பக்கம் முழுக்க ஐஸ்காரர். உதவியாக வரும் இயந்திரங்களையும் உள்ளூர்த் தொழில் அறிவையும் பற்றி அவர் சொல்ல வந்த வாதமே அந்த ஐஸ்காரரின் மேல்தான் நின்றது. கீழே, 'மாணவர் திரட்டிய செய்தி' என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. ஆய்வு முறை வகுப்பில், ஓர் ஆதாரத்தை இன்னோர் ஆதாரத்தோடு ஒப்பிடாமல் மூச்சுக்கூட விடாதீர்கள் என்று மேசையைத் தட்டிச் சொல்லும் அதே மனிதர்.

"அந்தம்மாகிட்ட முதல் கேள்வியே அவரைப் பத்திதான் கேக்கப் போறேன்," என்றார். "சின்ன ஊரு. நேர்லயே தெரிஞ்சிருக்கும். நீங்க என்னவோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல சார்."

படியிறங்கும்போது அவள் தன்னைத் தானே திட்டிக்கொண்டது அச்சில் ஏற்றக்கூடியது இல்லை.

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு ஒன்று காத்திருந்தது. வீட்டுக்காரர் மேசை மேல் ஒரு சின்ன அட்டைப் பெட்டியை வைத்திருந்தார். கம்ப்ரசரை ஓட்டிவிடும் ரிலே. நல்ல கம்பெனி, புதுசு.

"நம்ம ஆளுக்கு. உதிரி பாகம் கிடைக்காமக் கஷ்டப்படறார்னு சொன்னேல்ல? அந்தம்மா கையில கொடுத்து அனுப்பிடலாம். நானே வந்து கொடுக்கறேன். உங்க சார் ஒண்ணும் சொல்ல மாட்டாரில்ல?"

அவள் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வகுப்பில் இடம் போனால் போகட்டும் என்றுகூட அந்த நிமிடம் தோன்றியது. இந்த மனிதர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பறையில் நாற்காலி போதவில்லை. மீன்வள அதிகாரி குட்டையான, உருண்டையான பெண்மணி. டோமேயைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். போர்த்துகீசியம் மட்டுமே பேசினார். வேண்டாம் சார் இளம் வயதில் அந்த மொழியைக் கற்றவர்; மற்றவர்களில் ஒருவருக்கும் அதில் ஒரு வார்த்தை தெரியாது. அதனால் சார் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி பெஞ்சில் வீட்டுக்காரர், இஸ்திரி போட்ட சட்டையில், மடியில் அட்டைப் பெட்டியோடு.

தீவைப் பற்றி, கடலைப் பற்றி, வேலை தேடிப் போகிற இளைஞர்களைப் பற்றி அந்த அம்மாள் பேசி முடித்ததும் சார் கையை உயர்த்தினார்.

"இவங்கதான் எங்க டோமே. எழுந்திருங்கம்மா. அந்த ஐஸ்காரர் கதையை நீங்களே சொல்லுங்க, நான் அவங்களுக்குச் சொல்றேன்."

அவள் எழுந்தாள். கடைசி பெஞ்சில் வீட்டுக்காரர், இதை மறந்துவிடாதே என்பது போல அட்டைப் பெட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

"சார், நான் சொல்றதை அப்படியே சொல்லணும். எதையும் விட்டுடக் கூடாது."

"அதுக்குப் பேர்தானே மொழிபெயர்ப்பு. சொல்லுங்க."

"ஐஸ்காரர்னு ஒருத்தர் கிடையாது. நான்தான் கட்டிவிட்டேன்."

சாருடைய வாய் பழக்கதோஷத்தில் அதைப் போர்த்துகீசியத்தில் சொல்ல ஆரம்பித்துவிட்டது. பாதி வாக்கியத்தில்தான் அர்த்தம் அவருக்கே உறைத்தது. முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. ஆனாலும் வாக்கியத்தை முடித்தார்.

"உங்க நாட்டைப் பத்தி எனக்குச் செய்தி கிடைக்கல. கிடைக்கலன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. ஒரு நாள் ஒரு பொய் சொன்னேன். எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. அப்புறம் நிறுத்த மனசு வரல. எங்க சார் என்னை நம்பி அதைக் கட்டுரையில எழுதிட்டார். அவர் நல்லவர், அதனால நம்பினார். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன். உங்க நாட்டுல இல்லாத ஒருத்தரை இருக்கறதா சொன்னதுக்கு."

கடைசி பெஞ்சை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுகொண்டிருக்க முடியாது.

அந்த அறையில் சார் எதைச் சொன்னாலும், எதை விட்டாலும் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. கட்டுரை விஷயத்தை மட்டும் விழுங்கிவிட்டால் வெளிநாட்டு விருந்தாளி முன்னால் அவர் மானம் தப்பும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். பிறகு அந்த அம்மாள் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், நீளமாக ஏதோ சொன்னார்.

அந்த அம்மாள் டோமேயைப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். சாருக்குக் காது சிவந்துவிட்டது.

"என்ன சார் கேக்கறாங்க?" என்றான் நைஜீரியா.

"'அந்தப் பொண்ணு கட்டிவிட்டது புரியுது. இவ்வளவு படிச்ச நீங்க எப்படி நம்பினீங்க'ன்னு என்னைக் கேக்கறாங்க."

அப்படியென்றால் மனிதர் ஒரு வார்த்தையும் விடவில்லை. வகுப்புக்கு அது ஒரே சமயத்தில் புரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. டோமேக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

"நீங்க என்ன சார் சொன்னீங்க?"

"நல்ல கதையா இருந்துச்சு, சரிபார்க்க மனசு வரலன்னு சொன்னேன். கதையையும் சொல்லிட்டேன்."

அந்த அம்மாள் இப்போது வாய்விட்டே சிரித்தார். கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசினார். சார் ஒவ்வொன்றாகச் சொன்னார். "'திருகாணியோட பேசற மெக்கானிக் எங்க ஊர்லயும் இருக்காங்க. காசு வாங்காம வேலை பார்க்கற மெக்கானிக் மட்டும் கிடையாது. இருந்தா நானே முதல்ல எங்க ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்'ங்கறாங்க. இன்னொண்ணும் கேக்கறாங்க. ஒரு மெக்கானிக்கைப் பத்தி இவ்வளவு விவரம் உங்களுக்கு எப்படித் தெரியும்? யாரு அவரு?"

டோமேயின் தலை கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பியது. வகுப்பும் திரும்பியது. அந்த அம்மாளும் எட்டிப் பார்த்தார். இத்தனை பேர் ஏன் தன்னைப் பார்க்கிறார்கள் என்று வீட்டுக்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது. அவருக்குப் புரிய அதற்கு மேலும் கொஞ்ச நேரம் ஆனது.

அந்த அம்மாள் அவருடைய பெட்டியைக் காட்டி, அது என்ன என்றார். ரிலே என்று தெரிந்ததும், தன் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு ஆகுமா என்று கேட்டார்.

"மாடல் தெரியாமக் கொடுக்க முடியாதுங்க," என்றார் வீட்டுக்காரர். குரல் கம்மிப் போயிருந்தது. ஆனாலும் தொழில் தொழில்தான். "மாத்தி மாட்டினா உள்ளதும் போயிடும்."

விருந்தாளியை அனுப்பிவிட்டுச் சார் டோமேயைக் கூப்பிட்டார். பயந்துகொண்டே போனாள்.

"திங்கள் செய்திக்கு இதுவரைக்கும் போட்ட மார்க் எல்லாம் பூஜ்யம். மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அந்தம்மா விலாசம் கொடுத்திருக்காங்க. அவங்க வீட்டு விஷயமே எழுதறேன்னு சொல்லியிருக்காங்க, போர்த்துகீசியம் நான் படிச்சுச் சொல்றேன். இனிமே நடக்காத ஒரு விஷயம் உங்க வாயிலேர்ந்து வரக் கூடாது."

"என்னை அனுப்பலையா சார்?"

"உங்களை அனுப்பணும்னா முதல்ல நான் போகணும். பத்திரிகைக்கு இன்னைக்கே எழுதறேன், அந்த அரைப் பக்கத்தை எடுக்கச் சொல்லி." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நல்ல அரைப் பக்கம்," என்றார்.

வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். டோமே பின்னால் உட்கார்ந்தாள். பெரிய சாலை முழுக்க அவர் வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இருக்கத் தெரியாத மனிதர் அவர். வண்டி இருமினால்கூட அதற்கு ஆறுதல் சொல்கிறவர். அவள் இரண்டு தடவை, "ஏங்க" என்றாள். வீட்டுத் தெருவுக்கு முந்தின திருப்பத்தில், பூட்டியிருந்த ஒரு கடை வாசலில் வண்டியை ஓரம் கட்டினார்.

"திருகாணியைக் கொஞ்சினது நான்," என்றார், திரும்பாமலே.

"ஆமாங்க."

"ஸ்பானரைப் பையில வெச்சுக்கிட்டுத் தேடினது."

"அதுவும் நீங்கதான்."

"மீன்காரம்மாகிட்ட காசு வேண்டாம்னு சொன்னது?"

"எதிர்வீட்டுப் பெரியவரோட ஃப்ரிட்ஜு. கரண்டு பில்லுக்கே அவர் தடுமாறறார்னு நீங்க வாங்கலையே."

அவர் ஹேண்டில் பாரைப் பிடித்தபடியே இருந்தார். ஒரு பஸ் கடந்து போனது.

"ஒரு வாரம் ஒண்ணு சொன்னே. சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல அந்த ஐஸ்காரன் எல்லார் முன்னாடியும் பொண்டாட்டியைக் காட்டி, 'இந்த வயசுல இவ படிச்சு எந்த நாட்டை ஆளப் போறா'ன்னு சொல்லிச் சிரிச்சான்னு. அவளும் கூடச் சேர்ந்து சிரிச்சுட்டு, வீட்டுக்கு வந்து பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்னு."

டோமே அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுதியா?"

"அழுதேன்."

"எனக்குத் தெரியாது."

"தெரியக் கூடாதுன்னுதான் குழாயைத் திறந்தேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அதைக் கேட்டப்போ நான் என்ன சொன்னேன்?"

"'அவன் மட்டும் என் கையில கிடைச்சா நாலு வார்த்தை நல்லாக் கேப்பேன். பொண்டாட்டிகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டா குறைஞ்சா போயிடுவான்'னு சொன்னீங்க."

பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி. வர்ற திங்கட்கிழமை, அவன் மன்னிப்புக் கேட்டுட்டான்னு செய்தியில சொல்லிடு."

"முடியாதுங்க. நடக்காததைச் சொல்லக் கூடாதுன்னு சார் சொல்லிட்டார். நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க."

அவர் வண்டியை ஸ்டாண்டு போட்டார். இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்கு எதிரே வந்து, வகுப்பில் முறை வந்தவரைப் போல நிமிர்ந்து நின்றார்.

"தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சுக்கோ. நான்தான் சொல்றேன், ஐஸ்காரர் இல்ல."

அவள் அழுதாள். இந்தத் தடவை எந்தக் குழாயும் திறந்திருக்கவில்லை.